பரணில் கிடக்கும் வால்வு ரேடியோ மீண்டும் பாடுமா? பிளக்கில் சொருகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்கிறபோது பழைய வேட்டி சுற்றிய ஒரு பெரிய ரேடியோ பெட்டி கிடைக்கிறது. மர்பியோ, பிலிப்ஸோ, புஷ்ஷோ ஏதோ ஒன்று. தூசு தட்டியதும் வீட்டில் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை ஒன்றுதான்: "சும்மா ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே!"

பல வால்வு ரேடியோக்கள் நிரந்தரமாகச் செத்துப்போவது அந்த ஒரு நிமிடத்தில்தான். 40, 50 வருஷம் மின்சாரமே பார்க்காத பாகங்கள் மீது திடீரென 250 வோல்ட் பாய்ந்தால், அதுவரை நன்றாக இருந்த டிரான்ஸ்ஃபார்மரும் கருகிவிடும். சில வகை செட்டுகளில் ஆபத்து ரேடியோவுக்கு மட்டுமில்லை, தொடுகிற ஆளுக்கும் உண்டு.

அப்படியென்றால் என்னதான் செய்வது? எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவர் இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். சால்டரிங் தெரிந்து, அவசரப்படாமல் வேலை பார்ப்பவருக்கு வால்வு ரேடியோ நல்ல பொழுதுபோக்கு. மொபைல் போனைப் போல இல்லாமல், இதில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கையில் பிடிக்கலாம், தனியாகக் கழற்றி மாற்றலாம்.

வால்வு ரேடியோ என்பது என்ன?

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பு, வானொலி அலையைப் பிடித்துப் பெரிதாக்கும் வேலையைச் செய்தவை வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்கள். காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் ஒரு ஹீட்டர் சூடாகும். அந்தச் சூட்டில் கேத்தோடு என்ற பாகத்தில் இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பிவலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும். ஆன் செய்ததும் பாடாமல் அரை நிமிடம் கழித்து மெல்ல குரல் வருவதற்குக் காரணம் இந்த ஹீட்டர் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

சென்னை வானொலி நிலையம் 1938லும், திருச்சி நிலையம் 1939லும் தொடங்கப்பட்டபோது வீடுகளில் இருந்தவை எல்லாம் இந்த வகை செட்டுகளே. அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டித்தான் ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்டியபோது தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை வானொலி பக்கம் திரும்பியதும் இந்தப் பெட்டிகளின் வழியாகத்தான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே 1960களில் வால்வுகள் தயாரித்தது. கையடக்க டிரான்சிஸ்டர்கள் பரவிய பிறகுதான் இவை பரணுக்குப் போயின.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே மூன்று வேறு வேறு விதமான செட்டுகள் உண்டு.

முதல் வகை, ஏசி செட். கனமான பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கற்றுக்கொள்ள ஏற்றது இதுதான்.

இரண்டாவது, ஏசி/டிசி செட். சில நகரங்களின் சில பகுதிகளில் அந்தக் காலத்தில் டிசி மின்சாரமும் இருந்ததால், இரண்டிலும் ஓடும்படி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்யப்பட்டவை. இதில் மின்சார லைனின் ஒரு முனை நேரடியாக உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், அதாவது சேஸிஸில், இணைக்கப்பட்டிருக்கும். டூ பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட் இருக்கும். வெளியே திருகும் நாப் கழன்று, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் தொட்டால் கூட ஷாக் அடிக்கும்.

மூன்றாவது, பேட்டரி செட். கரண்ட் வராத கிராமங்களுக்காக வந்தவை. பெரிய ட்ரை பேட்டரியில் ஓடும். இதில் வயரை நீட்டி வீட்டு பிளக்கில் சொருகினால் அத்தனை வால்வும் ஒரே நொடியில் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரின் முதல் எழுத்தே அதன் ஜாதகம். ஐரோப்பிய முறைப்படி பெயரிட்ட வால்வுகளில் 'இ' என்று தொடங்கினால் (இசிஎச் 81, இபிஎஃப் 89, இஎல் 84 போல) 6.3 வோல்ட் ஹீட்டர். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். 'யூ' என்று தொடங்கினால் (யூசிஎச் 81, யூசிஎல் 82, யூஒய் 85) ஹீட்டர்கள் எல்லாம் வரிசையாக இணைக்கப்பட்ட ஏசி/டிசி செட். திருவிழா சீரியல் லைட் மாதிரிதான். ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். 'டி' என்று தொடங்கினால் (டிகே 96, டிஎல் 96) பேட்டரி செட். அமெரிக்க வால்வுகளில் முதலில் வரும் எண் ஹீட்டர் வோல்ட்டைக் காட்டும். 12, 35, 50 என்று கலந்து வந்தால் அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்தான். ஒரு விஷயம்: தூசு துடைக்கும்போது வால்வின் மேல் இருக்கும் எழுத்தைத் தேய்க்காதீர்கள். விரல் பட்டாலே அழியக்கூடிய மை அது.

எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட்டுகளும் உண்டு; பார்க்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆனால் லைனுக்கும் சேஸிஸுக்கும் நேரடித் தொடர்பும் இருக்கும். பிளக் வெளியே கிடக்கும்போது ரேடியோ சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். குறைந்த ஓம் காட்டினால் அது லைவ் சேஸிஸ். முதல்முறை கற்றுக்கொள்பவர் அந்த செட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். 'எர்த் கொடுத்துவிட்டால் போதும்' என்று லைவ் சேஸிஸில் எர்த் வயரை இணைப்பது அதைவிடப் பெரிய தவறு.

வால்வு போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை

ரேடியோ பாடவில்லை என்றதும் 'வால்வு கிடைக்குமா' என்று தேடி அலைவதுதான் புதியவர்களின் வழக்கம். உண்மையில் கண்ணாடி உடையாத வால்வுகள் பல ஆண்டுகள் தாங்கும். வால்வின் உள்பக்கம் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு பூச்சு தெரியும். அது பளபளப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு அவ்வளவுதான்.

உண்மையான குற்றவாளி வேறு: மெழுகில் முக்கிய காகிதக் கண்டன்சர்கள். ஈரம் ஏறி ஏறி இவை மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கியிருக்கும். இதில் ஒரே ஒரு கண்டன்சரை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர் அது. மதிப்பு பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். ரொம்பச் சின்னது.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்டன்சரின் ஒரு பக்கம் முந்தைய வால்வின் 100 வோல்ட் டிசி. மறுபக்கம் கடைசி வால்வின் கிரிட், அங்கிருந்து சேஸிஸுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர். கண்டன்சர் நன்றாக இருந்தால் டிசி கடக்காது, கிரிட்டில் பூஜ்யம் வோல்ட். இப்போது கண்டன்சர் லேசாகக் கசிகிறது, அதன் தடை 20 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க எவ்வளவு பெரிய எண்! சாதாரண மீட்டர் 'ஓப்பன்' என்றே காட்டலாம். ஆனால் 100 வோல்ட்டில் 21இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 வோல்ட், கிரிட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

இஎல் 84 போன்ற வால்வு அளவாக மின்சாரம் இழுப்பதற்கு கிரிட் சுமார் 7 வோல்ட் நெகட்டிவாக இருக்க வேண்டும். 5 வோல்ட் பாசிட்டிவ் வந்து சேர்ந்தால் அந்தக் கடிவாளம் பெருமளவு கழன்றுவிடும். வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய கம்பி அறுந்துவிடும், சில சமயம் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும். டீ செலவில் வாங்கக்கூடிய ஒரு கண்டன்சருக்காக, தேடினாலும் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரைப் பறிகொடுப்பது இப்படித்தான். இத்தனைக்கும் அந்த நேரத்தில் ரேடியோ பாடிக்கொண்டேகூட இருக்கும். கொஞ்சம் கரகரப்பாக, அவ்வளவுதான். 'பாடுதே, அப்புறம் என்ன' என்று விட்டுவிடுவார்கள்.

மீட்டரில் சரியாகக் காட்டுகிற பழைய காகிதக் கண்டன்சரையும் நம்பக் கூடாது. மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். ரேடியோவில் அது தாங்க வேண்டியது 100, 200 வோல்ட். எனவே காகிதக் கண்டன்சர்கள் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை போதும். மைக்கா, செராமிக் கண்டன்சர்கள் பொதுவாக நன்றாகவே இருக்கும். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, 'உம்ம்ம்' என்ற இரைச்சலுக்குக் காரணமான பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்திருக்கும். 450 வோல்ட் தரத்தில் புதிது வாங்கி சேஸிஸுக்கு அடியில் பொருத்தலாம். மேலே தெரியும் பழைய அலுமினிய டப்பாவை அழகுக்காக அப்படியே விட்டுவிடலாம், ஆனால் அதன் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்து இணைப்பது வேலைக்கு ஆகாது. 'பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும்' என்று பழைய மதிப்பைவிடப் பல மடங்கு போடுவதும் தவறு. ஆன் செய்யும்போது அதை நிரப்பப் பாயும் கரண்ட்டை ரெக்டிஃபையர் வால்வு தாங்காது.

மின்சார லைனுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சர் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் சாதாரண வகை கூடாது. லைனுக்கென்றே வரும் எக்ஸ்2 தரம் வேண்டும். லைனில் இருந்து சேஸிஸுக்கோ, லைவ் சேஸிஸில் இருந்து ஏரியலுக்கோ போகும் இடத்தில் ஒய்2 தரம். இது ரேடியோவுக்காக இல்லை, ஆளுக்காக.

என்னென்ன வேண்டும்?

பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 முதல் 40 வாட் சால்டரிங் அயன், ஈயம், சின்ன கட்டர், பெயிண்ட் பிரஷ், காண்டாக்ட் கிளீனர். கண்டன்சர், ரெசிஸ்டர் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. ஊரில் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட லாபம். ஹாம் ரேடியோ ஆர்வலர்களிடமும் உதவி கேட்கலாம்.

இதோடு கையாலேயே ஒன்று செய்துகொள்ள வேண்டும்: சீரிஸ் பல்ப். ஒரு ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, அதை ரேடியோவுக்குப் போகும் லைனில் வரிசையாக வரும்படி இணைப்பதுதான் அது. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை சூடாகி எரியும் பழைய பல்புதான் வேண்டும். ரேடியோவுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து, கரண்ட்டைத் தானே தடுத்துவிடும். ஃபேன் ரெகுலேட்டரை வைத்து வோல்டேஜைக் குறைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், இந்த வேலைக்கு அது பொருந்தாது.

ஷாக் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 'எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது, ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும்' என்பது வால்வு ரேடியோவில் செல்லாது. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி உள்ளே உருவாகும் 250 வோல்ட் டிசி ஒருவர் மேல் பாய்ந்தால் ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. பிளக்கை உருவிய பிறகும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் இந்த வோல்டேஜ் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை காப்பிட்ட வயரில் கட்டி வைத்துக்கொண்டு, அதன் மூலம் கண்டன்சரைக் காலி செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடும்போது அளவெடுப்பதாக இருந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஒரு கையில் புகுந்து மறு கையில் வெளியேறும் கரண்ட் இதயத்தின் வழியாகப் போகும் என்பதுதான் காரணம். தனியாக, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

திறந்ததும் என்ன செய்வது?

முதலில் போட்டோ. சேஸிஸின் மேல்பக்கம், அடிப்பக்கம், ஒவ்வொரு மூலையும். பின்னால் 'இந்த வயர் எங்கே இருந்தது' என்று விழிக்கும்போது அதுதான் கைகொடுக்கும். டயல் முள்ளை நகர்த்தும் நூல் எந்த உருளையில் எத்தனை சுற்று என்பதையும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்த பிறகு யோசித்துக் கட்டுவது ஒரு நாள் வேலை.

தூசை பிரஷால் தட்டினால் போதும், தண்ணீர் கூடாது. எலி கூடு கட்டிய செட் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சில பழைய செட்டுகளில் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் அட்டை ஒட்டியிருப்பார்கள். சாம்பல் நிறத்தில் நாராகத் தெரியும். அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. ரப்பர் உறையிட்ட வயர்கள் தொட்டதும் உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

டயல் கண்ணாடியில் மெட்ராஸ், டெல்லி, சிலோன் என்று ஊர்ப் பெயர்கள் அச்சிட்டிருக்கும். இந்த எழுத்து கண்ணாடியின் உள்பக்கத்தில் இருக்கும். ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் எல்லா ஊரும் துணியோடு வந்துவிடும். வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

அடுத்து, பிளக் சொருகாமலே மீட்டரில் பார்க்க வேண்டியவை. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் பல பத்து ஓம் வரலாம். கருகிய வாடையோ, உருகி வழிந்த தாரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சில நூறு ஓம். ஸ்பீக்கர் சுருளில் சில ஓம். இவை மூன்றும் நன்றாக இருந்தால் அந்த ரேடியோவுக்கு மறுவாழ்வு உண்டு என்று தைரியமாக இறங்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் வைண்டிங் கடையில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாத தலைவலி.

கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, சரிபார்த்து, பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரெசிஸ்டர்களில் குறிப்பிட்ட மதிப்பைவிட 20 சதவீதத்துக்கு மேல் மாறியவற்றை மட்டும் மாற்றலாம். பழைய கார்பன் வகை வயதாக ஆக மதிப்பு ஏறிக்கொண்டே போகும்.

தொடவே கூடாத இடம் ஒன்று உண்டு. சதுர அலுமினிய டப்பாக்களில் மேலே ஒரு துளையும் உள்ளே திருகும் தெரியும். அவை ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்கள். பார்த்தால் 'லூஸாக இருக்கு, டைட் பண்ணலாம்' என்று கை பரபரக்கும். 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரு அலைவரிசைக்குத் துல்லியமாகத் திருகி வைத்தவை அவை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைத் திருப்பினால் ரேடியோ ஊமையாகிவிடும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பட்டு உள்ளிருக்கும் ஃபெரைட் உடைந்தால் இன்னும் மோசம்.

முதல் முறை ஆன் செய்வது

பின்பக்கம் வோல்டேஜ் தேர்வுக் கட்டை இருந்தால் 220க்கோ 245க்கோ மாற்றுங்கள். 110இல் இருந்தால் கதை முடிந்தது. பல செட்டுகளில் ஃபியூஸே இருக்காது. புது மின்வயரோடு லைனில் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பு கழன்றிருக்கக் கூடாது.

இப்போது சீரிஸ் பல்ப் வழியாக ஆன். பல்ப் முதலில் பளிச்சென்று எரிந்து, சில நொடிகளில் மங்க வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே ஆஃப். மங்கினால், இருட்டில் வால்வுகளின் ஆரஞ்சு ஒளி தெரியும், அரை நிமிடத்தில் ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் வரும். எந்த வால்விலாவது உள்ளே தகடே சிவந்தால் ஆஃப். புகை, மீன் அழுகிய மாதிரி வாடை எதுவாக இருந்தாலும் ஆஃப்.

எல்லாம் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, கடைசி வால்வின் கிரிட்டை அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் பாசிட்டிவாகத் தெரிந்தாலும் ஏதோ கசிகிறது. வால்யூம் திருகும்போது வரும் கரகர சத்தத்துக்கு ஆஃப் செய்து பிளக்கை உருவிய பிறகு காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பத்து முறை திருகினால் போதும்.

பாடுவதற்கு என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. பெரும்பாலான பழைய செட்டுகளில் எஃப்எம் கிடையாது. மீடியம் வேவில் சென்னை 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் என்று முள்ளை வைத்துத் தேடலாம். ஷார்ட் வேவில் ராத்திரியில் வெளிநாட்டு நிலையங்கள் சில அகப்படும், முன்பு இருந்த கூட்டம் இல்லை. எதுவும் பிடிக்காமல் 'ஜிர்ர்' என்று மட்டும் கேட்டால் ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் வீட்டில் உள்ள எல்இடி பல்புகள், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள். மொட்டை மாடிக்கு 10 மீட்டர் கம்பி ஏரியல் ஒன்று இழுத்தாலே வித்தியாசம் தெரியும். மழை, இடி வரும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

இசைத்தட்டுப் பெட்டி இணைக்க பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும் செட்டுகளும் உண்டு. ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரை அதில் இணைத்து, மொபைலில் இருந்து பழைய பாட்டை வால்வுக் குரலில் கேட்பது இப்போது பலருக்கும் பிடித்த வழி. இது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏசி செட்டில் மட்டும். லைவ் சேஸிஸ் செட்டின் அந்தத் துளையில் வயர் மாட்டினால், வயரின் மறுமுனையில் இருக்கும் மொபைலும் அதைப் பிடித்திருக்கும் கையும் 230 வோல்ட் லைனோடு சேர்ந்துவிடும்.